ஊர்ச் சுவரில் ஓவியம்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளி மதில், நூலகச் சுவர், பேருந்து நிலையம் என்று சிறு நகரங்களில் ஊர்க்காரர்களே கூடிச் சுவரோவியம் வரைவது பரவி வருகிறது. அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒரு சுவரோவியரும் ஒரு கட்டடப் பொறியாளரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் காம்பவுண்ட் சுவரில் இளைஞர் மன்றம் சார்பாக ஓவியம் வரைந்தோம். பெயர் பெற்ற கம்பெனியின் எமல்ஷன்தான் வாங்கினோம். எட்டே மாதத்தில், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பொரிந்து செதில் செதிலாக விழுகிறது. மேல் விளிம்பிலும் அங்கங்கே உரிகிறது. பெயின்ட் போலியாக இருக்குமோ?
– இளைஞர் மன்றச் செயலாளர், தென்காசி

பதில்: பெயின்ட் மேல் பழி போட வேண்டாம். அடியிலும் உச்சியிலும் மட்டும் உரிந்து, நடுச்சுவர் நன்றாக இருக்கிறது என்றால் காரணம் தண்ணீர்தான். கீழே தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது. மேலே மழைநீர் மதிலின் தலைவழியாக உள்ளே இறங்குகிறது. எமல்ஷன் என்பது சுவர்மேல் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய தோல். உள்ளே ஈரம் இருந்தால் அது வெளியேற வழி தேடும். போகும்போது உப்பையும் சுமந்து வரும். அந்த உப்பு தோலுக்குப் பின்னால் படிகமாகி, தோலைச் சுவரிலிருந்து நெம்பித் தள்ளுகிறது. நீங்கள் பார்க்கும் பொரிவு அதுதான். விழுந்த செதிலின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்: வெள்ளைப் பொடி இருந்தால் உப்பு; பழைய சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், வெள்ளையடித்த சுவரைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடித்துவிட்டீர்கள் என்று பொருள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

மறுபடி வரையும் முன் இந்த வரிசையில் போங்கள். முதலில் மதிலின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மண் மேடிட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும், அல்லது சுவரோரச் செடிகளுக்குத் தினமும் தண்ணீர் பாயும். மண்ணைச் சுவரை விட்டு விலக்குங்கள்; செடிகளை இரண்டடியாவது தள்ளி வையுங்கள். பிறகு மதிலின் தலை. தட்டையான தலையில் மழைநீர் தேங்கி, விரிசல் வழியே இறங்கும். கொத்தனாரைக் கொண்டு தலையில் சிமென்ட் சாந்து வைத்து, ஓவியம் இல்லாத பக்கமாகச் சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். இருபுறமும் ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டி, நீட்டலின் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளக்கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடு இல்லாவிட்டால் தண்ணீர் நீட்டலின் அடிவழியே ஊர்ந்து திரும்பவும் சுவருக்கே வரும். அரை நாள் கொத்து வேலை இது. ஓவியத்தின் ஆயுளை எந்த விலையுயர்ந்த வார்னிஷையும்விட அதிகமாக நீட்டிப்பது இதுதான்.

அடுத்து, சுவர் முழுவதையும் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள். கணீரென்றால் பூச்சு பிடித்திருக்கிறது. பொத்தென்று வெற்றுச் சத்தம் வந்தால் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. அந்த இடத்தைக் கொத்தி எடுத்து, ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு மணல் கலந்த சாந்தால் புதிதாகப் பூசி, ஏழு நாள் தண்ணீர் தெளித்து, அதற்குப் பிறகும் காயவிடுங்கள். பூசியதிலிருந்து 28 நாளாவது ஆகாமல் பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) வேண்டாம். புதுப் பூச்சில் சிமென்டின் காரத்தன்மை மிகுதி. அது எமல்ஷனின் பசையையும் சில நிறமிகளையும் தின்றுவிடும்.

உப்பு பூத்த இடத்தை முதலில் காய்ந்த பிரஷால் மட்டும் தட்டி எடுங்கள். எடுத்தவுடன் கழுவுகிறேன் என்று தண்ணீர் அடித்தால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். பாசியும் பூஞ்சையும் உள்ள இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவி, அரை மணி நேரம் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள்.

கடைசியாக ஈரச் சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. அடியில் ஓரிடம், நடுவில் ஓரிடம், மேலே ஓரிடம் என்று மூன்று இடத்தில் செய்யுங்கள்.

எல்லாம் செய்தும் தரையோரம் ஓதம் நிற்காத சுவர்கள் உண்டு. பழைய மதில்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு அடுக்கே இருக்காது. அங்கே சண்டை போடாதீர்கள். கீழ் ஒன்றரை அல்லது இரண்டடியைப் படத்திலிருந்தே விலக்கி, அடிப்பட்டையாக விட்டுவிடுங்கள். அதற்கு எமல்ஷன் வேண்டாம். ஈரம் மூச்சு விடக்கூடிய சிமென்ட் பெயின்ட் போதும். மழைச் சேறு தெறிப்பதும், வண்டிச் சக்கரம் உரசுவதும், எச்சில் துப்புவதும் அந்த உயரத்தில்தான். வருடம் ஒருமுறை அடிப்பட்டைக்கு மட்டும் ஒரு கை (ஒரு தடவைப் பூச்சு) அடித்தால் படம் முழுவதுமே புதிது போலத் தெரியும்.

கேள்வி: 80 அடி நீளம், 7 அடி உயரச் சுவர். எத்தனை லிட்டர் வாங்குவது? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், பெயின்டர் ஒன்று சொல்கிறார்.
– வியாபாரிகள் சங்கப் பொறுப்பாளர், திண்டுக்கல்

பதில்: மொத்தம் 560 சதுர அடி. அடிப்பட்டை ஒன்றரை அடி என்றால் 120 கழிந்து, படத்துக்கு 440 சதுர அடி.

வெளிச்சுவருக்கான அக்ரிலிக் பிரைமர், சொரசொரப்பான பூச்சில் லிட்டருக்கு ஏறத்தாழ 80 சதுர அடி ஓடும். ஒரு கைக்கு ஐந்தரை லிட்டர். அதன்மேல் வெள்ளை எமல்ஷன் ஒரு கை; லிட்டருக்கு 100 சதுர அடி என்று வைத்தால் நாலரை லிட்டர். பிறகு படக் கலர்கள், இரண்டு கை சேர்த்து லிட்டருக்கு 50 சதுர அடி. 440-ஐ 50-ஆல் வகுத்தால் 8.8, சிந்தல், கலவை மிச்சம், திருத்தம் எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் கூட்டினால் பத்து லிட்டர். இந்தப் பத்தைக் கலர்வாரியாகப் பிரிக்க, மாதிரிப் படத்தின்மேல் கட்டம் போட்டு எண்ணுங்கள். வானம் 40 சதவீதக் கட்டங்களைப் பிடித்தால் நான்கு லிட்டர் வான நீலம். சின்னப் பகுதிகளுக்கான கலர்களை ஒவ்வொரு லிட்டர் டப்பாவாக வாங்கிக் குவிக்காதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு, வெள்ளை, காவி இருந்தால் மற்றவற்றைக் கலந்தே எடுக்கலாம்.

பெரிய பரப்புக்கு வேண்டிய கலரை மட்டும் முழு அளவும் ஒரே தடவையில் கடை இயந்திரத்தில் கலக்கி வாங்குங்கள். கையால் கலந்தால் இரண்டாவது வாளி முதல் வாளியின் நிறத்துக்கு வராது. வானத்தின் நடுவே திட்டாகத் தெரியும். அடர்ந்த கலருக்கு வெள்ளை பேஸ் (கலர் சேர்ப்பதற்கான வெள்ளை மூலப் பெயின்ட்) போதாது, அடர் நிறத்துக்கென்றே வரும் டீப் பேஸ் கேளுங்கள். வெள்ளையில் ஸ்டெய்னரை (நிறம் தரும் சாயக் கலவையை) ஊற்றிக்கொண்டே போனால் படலம் சரியாக இறுகாமல், கையில் ஒட்டும் பொடியாகவே நிற்கும். தண்ணீரையும் அளந்து கலக்குங்கள். படக் கலர்களுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

பட்டியைச் சுவர் முழுக்கப் பார்க்கச் சொல்வார்கள். வெளிச்சுவர் ஓவியத்துக்கு அது தேவையில்லை. விரிசலுக்கும் குழிக்கும் மட்டும் வெள்ளை சிமென்ட் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு நிரவினால் போதும். சொரசொரப்புதான் பெயின்டைப் பிடித்து வைக்கிறது.

கேள்வி: ஏ4 தாளில் அழகாக வந்த படம், சுவரில் ஏற்றியதும் கோணலாகிவிடுகிறது. புரொஜெக்டர் வாங்க வேண்டுமா?
– ஓவிய ஆசிரியை, கும்பகோணம்

பதில்: கோணலுக்குக் காரணம் பெரும்பாலும் தரையிலிருந்து அளப்பது. சாலை சரிந்திருக்கும், மதிலும் படிபடியாக இறங்கியிருக்கும். தரையை நம்பிக் கோடு போட்டால் படமும் சரியும். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை) வாங்கி, சுவரின் இரு முனையிலும் நடுவிலும் ஒரே மட்டத்தில் குறி வையுங்கள். அந்தக் குறிகளை இணைத்து நூல் அடித்தால் (பொடி தடவிய நூலை இறுக இழுத்துச் சுவரில் சுண்டினால்) அதுவே மூலக்கோடு. மேலும் கீழும் எல்லா அளவும் அங்கிருந்துதான். செங்குத்துக் கோட்டுக்குத் தூக்குக்குண்டு.

நீளமான தாழ்ந்த சுவருக்குக் கட்டமுறையே நல்லது. மாதிரிப் படத்தில் ஓர் அங்குலம் சுவரில் ஓர் அடி என்ற கணக்கில் வரைந்து, சுவரில் ஓரடிக் கட்டம் போடுங்கள். முகம், கை, எழுத்து வரும் இடத்தில் மட்டும் கட்டத்தை நான்காகப் பிரியுங்கள். குறுக்கே 1, 2, 3 என்றும், நெடுக்கே அ, ஆ, இ என்றும் குறித்துவிட்டால், 'இ-14 யார் வரைகிறீர்கள்?' என்று பலர் சேர்ந்து வேலை செய்யலாம். சினிமா பேனர் காலத்து ஓவியர்கள் நாற்பதடி முகங்களை ஏற்றியதும் கட்டம் போட்டுத்தான். உங்கள் ஊரில் சுவர் விளம்பரம் எழுதியவர்கள் இன்னும் இருப்பார்கள். ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை இழந்தவர்கள். சாரத்தில் நின்று, பின்னால் போய்ப் பார்க்காமலேயே ஆறடி எழுத்தை நேராக எழுதும் கை அவர்களுடையது. அவர்களைக் கூலி கொடுத்து அழையுங்கள். இலவசச் சேவையாகக் கேட்காதீர்கள்.

நூல் அடிக்க வெள்ளைச் சாக்பீஸ் பொடி போதும். துணிக்குப் போடும் நீலம் வேண்டாம். வெளிர் கலர்களில் கசிந்து எழும். மார்க்கர் பேனாவும் அப்படித்தான். இரண்டு கை எமல்ஷனுக்கு மேலும் கோடு ஊதாவாக முளைத்து வரும். கட்டைவிரல் தடிமன் பிரஷில், தண்ணீர் கலந்த வெளிர் காவியால் வெளிக்கோடு போடுங்கள்.

புரொஜெக்டர் உயரமான ஒற்றைச் சுவருக்கும் முகச் சாயலுக்கும் உதவும். ஆனால் பன்னிரண்டு அடி அகலப் படத்துக்குச் சாதாரணப் புரொஜெக்டர் ஏறத்தாழ பதினெட்டு அடி தள்ளி, சுவருக்கு நேர்செங்குத்தாக நிற்க வேண்டும். இடையில் சாலை, தெருவிளக்கு வெளிச்சம், வண்டிகள். எண்பதடி மதிலுக்கு ஏழு தடவை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் அரை அங்குலம் பிசகும். கோலம் போலத் திரும்பத் திரும்ப வரும் வடிவத்துக்குப் பழைய துளைத்தாள் முறை போதும்: பழுப்புத் தாளில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, சுவரில் வைத்து, துணியில் முடிந்த கரிப்பொடியால் ஒற்ற வேண்டும்.

எழுத்து வருகிறது என்றால், சாலையின் எதிர்ப்பக்கம் போகிறவர் படிக்க ஆறு அங்குல உயரமாவது வேண்டும். தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் கூடுதல், சிறிதாக எழுதினால் அடைத்துக்கொள்ளும். எழுதும் முன் தமிழாசிரியர் ஒருவரிடம் வாசகத்தைக் காட்டுங்கள். ஒற்றுப்பிழையோடு ஐந்து வருடம் நிற்கும் சுவர் பிள்ளைகளுக்குப் பிழையைச் சொல்லிக்கொடுக்கும்.

கேள்வி: மேற்குப் பார்த்த சுவர். ஒரே கோடையில் சிவப்பும் மஞ்சளும் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது. ஏன்?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: பளீரென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பெரும்பாலும் கரிம நிறமிகள். அவற்றில் மலிவானவை வெயிலின் புறஊதாக் கதிரில் சீக்கிரம் சிதைகின்றன. ஒளிரும் 'ஃபுளோரசன்ட்' கலர்கள் சில மாதங்களிலேயே போய்விடும். நீலத்துக்கும் பச்சைக்கும் வழக்கமாகச் சேர்க்கும் தாலோ நிறமிகள் வெயிலுக்குத் தாங்கும். அசையாமல் நிற்பவை இரும்பு ஆக்ஸைடு நிறங்கள்: செங்காவி, மஞ்சள் காவி, பழுப்பு, கறுப்பு. மேற்குச் சுவரில் பெரிய பரப்புகளைக் காவி வகையில் திட்டமிடுங்கள்; பளீர்ச் சிவப்பை எளிதாகத் திருத்தக்கூடிய சின்னப் பூ, பொட்டு, பறவை அலகு போன்றவற்றுக்கு ஒதுக்குங்கள். மஞ்சளும் சிவப்பும் மூடும் திறன் குறைந்தவை. மஞ்சளுக்கு அடியில் வெள்ளையும், சிவப்புக்கு அடியில் வெளிர் ரோஸும் ஒரு கை கொடுத்தால் இரண்டு கையில் மூடும். இல்லாவிட்டால் நான்கு கை.

அடிக்கும் நேரமும் பார்க்க வேண்டும். தொட்டால் சுடும் சுவரில் எமல்ஷன் படலமாகச் சேரும் முன்பே காய்ந்து, பலமற்ற பொடியாகிறது. மேற்குச் சுவரில் காலையிலும், கிழக்குச் சுவரில் மாலையிலும் வேலை செய்யுங்கள். மாதக் கணக்கில், பொங்கல் கழிந்து மாசி முடியும் வரை தோதான காலம். மார்கழிப் பனியில் மாலை நான்குக்குமேல் அடித்தால் இரவுப் பனி இறங்கிப் படலம் மங்கும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கவே வேண்டாம்.

உங்கள் ஊர் கடலோரம் என்பதால் இன்னொன்று. கடற்காற்று சுவரில் உப்பைப் பூசிக்கொண்டே இருக்கும். பிரைமருக்கு முன் நல்ல தண்ணீரால் கழுவி இரண்டு நாள் காயவிடுங்கள். பிரைமர் காய்ந்த மறுநாளே படத்தைத் தொடங்குங்கள், வாரக் கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? பேச்சளவில் கவுன்சிலர் சம்மதித்திருக்கிறார்.
– குடியிருப்போர் நலச் சங்கம், நாகர்கோவில்

பதில்: பேச்சளவு போதாது. பொது இடங்களின் அழகு கெடுப்பதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959-லிருந்து இருக்கிறது. உரியவர் அனுமதியின்றிச் சுவரில் எழுதுவது அதன்படி குற்றம். சுவரின் உரிமையாளர் யாரென்று முதலில் உறுதி செய்யுங்கள். ஒரே சாலையில் இந்தப் பக்கச் சுவர் உள்ளாட்சியுடையது, பாலத்தின் தடுப்பு நெடுஞ்சாலைத் துறையுடையது, அதற்கப்பால் ரயில்வேயுடையது என்று இருக்கும். உள்ளாட்சிச் சுவருக்கு ஆணையருக்கு விண்ணப்பம். அரசுப் பள்ளிச் சுவருக்குத் தலைமையாசிரியர் வழியாகவும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடும்.

விண்ணப்பத்தோடு சுவரின் புகைப்படம், நீள உயரம், அளவோடு வரைந்த வண்ண மாதிரி, வேலை நாட்கள், சாரம் கட்டும் விதம், எத்தனை ஆண்டு பராமரிப்பீர்கள் என்பது எல்லாம் இருக்கட்டும். 'அனுமதித்த மாதிரியை மாற்ற வேண்டுமானால் எழுத்தில் கேட்போம்' என்று நீங்களே ஒரு வரி சேர்த்தால் அதிகாரிக்குக் கையெழுத்திடத் தயக்கம் குறையும். மின்கம்பி அருகில் போனால் மின்வாரியத்துக்கும் ஒரு கடிதம். இரும்புச் சாரமும் நீளக் கம்பு ரோலரும் கம்பியிலிருந்து மூன்று மீட்டராவது விலகி இருக்க வேண்டும். முடியாவிட்டால், அந்த மணி நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். ஆறடிக்குமேல் ஏறுகிறவருக்கு பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் வேலை இல்லை.

ஓவியரோடும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, கூலி கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வரையச் சொன்னவருக்கே போகும். ஆனால் 57-ஆம் பிரிவு படைப்பாளிக்குத் தரும் சிறப்பு உரிமை ஓவியரிடமே நிற்கும்: தன் பெயர் சொல்லப்பட வேண்டும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைக்கக் கூடாது என்பது. தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-ல் கழற்றிப் போடப்பட்டுச் சிதைந்தது. 2005-ல் தில்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. ஆகவே, சுவரை இடிக்கவோ மறுவண்ணம் அடிக்கவோ நேர்ந்தால் எத்தனை நாள் முன்பு ஓவியருக்குச் சொல்வது, அவர் படமெடுத்துக்கொள்ள எப்படி இடம் தருவது, மூலையில் அவர் பெயர் எந்த அளவில் வரும் என்பதையெல்லாம் முன்பே எழுதிவிடுங்கள். கூலிப் பணத்தையும் மூன்று தவணையாக எழுதுங்கள்: மாதிரி ஒப்புதலின்போது, வெளிக்கோடு முடிந்தபோது, வேலை முடிந்தபோது.

கேள்வி: என்ன வரைவது என்பதில் ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. எப்படி முடிவெடுப்பது?
– பெயர் வேண்டாம், தென் மாவட்டம்

பதில்: கூட்டம் போட்டு 'என்ன வரையலாம்?' என்று கேட்டால் உரக்கப் பேசுபவர் சொல்வதே முடிவாகும். அதற்குப் பதில் சுவருக்கு எதிரே ஒரு மேசை போட்டு, காலை, மாலை, சந்தை நாள் என்று மூன்று வேளை உட்காருங்கள். 'இந்த ஊரில் உங்களுக்கு நினைவில் நிற்கும் இடம் எது, வேலை எது, சாப்பாடு எது?' என்று கேட்டுத் தாளில் குறியுங்கள். பூக்கட்டுகிற அக்காவும் பஸ்ஸுக்கு நிற்கும் மாணவிகளும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். மேசையருகே நின்று பேசுவார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து ஓவியர் மூன்று மாதிரி வரையட்டும். அவற்றை அதே இடத்தில் ஒரு வாரம் ஒட்டி வைத்துக் கருத்துக் கேளுங்கள். முடிவான மாதிரியில் ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போடட்டும்.

நீங்கள் பெயர் வேண்டாம் என்று எழுதியிருப்பதால் இதை மறைக்காமல் சொல்கிறோம். தென் மாவட்டங்களில் சில வண்ணச் சேர்க்கைகள் சாதி அடையாளமாகவே படிக்கப்படுகின்றன. கைக்கயிற்றிலும் கொடிக்கம்பத்திலும் இருக்கும் அதே இரண்டு கலர் பட்டையாகச் சுவரில் வந்தால், ஓவியர் மனதில் எதுவும் இல்லாவிட்டாலும் ஊர் அதை அப்படித்தான் பார்க்கும். ஒரே இரவில் யாராவது தார் பூசுவார்கள். மாதிரியை இறுதி செய்யும் முன் எல்லாத் தெருக்காரர்களிடமும் கலரோடு காட்டுங்கள், பென்சில் படமாகக் காட்டாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டை ஓடும் அலங்காரக் கரையைத் தவிருங்கள். ஐந்தாறு நிறம் கலந்த கோலக்கரை போடுங்கள். தலைவர் உருவங்களிலும் இதே எச்சரிக்கை. ஒரு தலைவரை வரைந்தால் அடுத்த கேள்வி 'எங்கள் தலைவர் எங்கே?' என்பதுதான். ஊரின் தொழில், குளம், மரம், சந்தை, பறவை இவற்றில் எல்லாருக்கும் பங்கு உண்டு. எந்தக் குளத்தில் யார் இறங்கலாம் என்ற பழைய காயம் உள்ள ஊராக இருந்தால் குளத்தைக்கூட யோசித்தே எடுக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் மேசைக்கு வந்து பேசினார்களா என்று பாருங்கள்.

கேள்வி: சிறுநீர் கழிக்கும் சந்துச் சுவரில் சாமி படம் வரைந்தால் அந்தப் பழக்கம் நின்றுவிடும் என்கிறார்களே?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: வேண்டாம். பழகியவர் சில வாரத்தில் நான்கடி தள்ளிப் போவார், அல்லது படத்தின் மேலேயே கழிப்பார்; இரண்டாவது நடந்தால் தெருவில் சண்டை. அந்தச் சந்தில் விளக்கு இருக்கிறதா, நடந்து போகும் தூரத்தில் திறந்திருக்கும் கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விளக்கு போட்டு, குப்பையை எடுத்து, தரையைச் சரிவாகச் சிமென்ட் போட்டுக் கழுவ வழி செய்து, அதற்குப் பிறகு வரையுங்கள். சிறுநீரின் உப்பு ஏறிய பூச்சில் எந்தப் பெயின்டும் நிற்காது. கீழ் மூன்றடியைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகள் நூறு பேரைச் சேர்த்து வரைய ஆசை. சமாளிக்க முடியுமா?
– தலைமையாசிரியை, காரைக்குடி

பதில்: நூறு பேரும் சேரலாம், ஒரே நேரத்தில் மட்டும் வேண்டாம். பத்துப் பேர் ஒரு குழு. குழுவுக்கு முக்கால் மணி நேரம், ஆறேழு அடிச் சுவர், ஒரு பெரியவர். முந்தின நாளே ஓவியர் வெளிக்கோடு போட்டு, ஒவ்வொரு பகுதியிலும் கலர் எண்ணைச் சாக்பீஸால் எழுதிவிட வேண்டும். அதே எண் டப்பாவிலும். டப்பாவில் கால் பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். கவிழ்ந்தாலும் நட்டம் குறைவு. ஓரங்களை விட்டு நடுப்பகுதியைப் பிள்ளைகள் நிரப்பட்டும். ஓரமும் கறுப்புக் கோடும் ஓவியர் கடைசியில் போடுவார். அந்தக் கோடு எல்லாப் பிசிறையும் இழுத்துக் கட்டிவிடும்.

பழைய ஆயில் பெயின்ட் அடித்த சுவராக இருந்தால், சுரண்டும் வேலைக்குப் பிள்ளைகளைக் கூப்பிடவே கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நனைத்து உப்புத்தாள் போட வேண்டும், உலரத் தேய்க்கக் கூடாது. விழுந்த செதிலைத் தார்ப்பாயில் சேகரித்து அப்புறப்படுத்துங்கள்.

சாரம் ஏற வேண்டிய உயரம் என்றால் பிள்ளைகளுக்கு வேறு வழி உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1984-ல் தொடங்கிய சுவரோவியத் திட்டம் இதைப் பெரிய அளவில் செய்கிறது. நெய்யாத மெல்லிய செயற்கைத் துணியில், வகுப்பறை மேசையிலேயே எண்ணிட்ட பகுதிகளுக்கு வண்ணம் தீட்டி, பிறகு அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டுகிறார்கள். இங்கே கிடைக்கும் துணியை முதலில் இரண்டடி துண்டாக ஒட்டி, ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்துவிட்டு முழுவதுக்கும் இறங்குங்கள்.

கேள்வி: எங்கள் பழைய சுண்ணாம்புக் காரை மதிலில் எமல்ஷன் அடிக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கூடாது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி விடும் சுவர். எமல்ஷன் தோல் அதன் மூச்சை அடைத்து, காரையையே உதிர வைக்கும். நீர்த்த சுண்ணாம்பைப் பால் பதத்தில் வடிகட்டி, காவி, மஞ்சள் காவி, அல்ட்ராமரின் நீலம் போன்ற காரத்துக்குத் தாங்கும் நிறமிகளைச் சேர்த்து, நனைத்த சுவரில் மெல்லியதாக நாளுக்கு ஒரு கை வீதம் மூன்று நான்கு கை அடியுங்கள். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் நிறம் மாறிவிடும்.

சுரண்டும் முன் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு அடுக்கடுக்காக மெல்ல எடுத்துப் பாருங்கள். அடியில் பழைய ஓவியமோ எழுத்தோ இருந்தால் அங்கேயே நிறுத்தித் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை வரலாற்றாசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி 1931-ல்தான் கண்டறிந்தார். அதுவரை அது வேறொரு படத்தின் அடியில் சில நூறு ஆண்டுகளாகக் காத்திருந்தது.

கேள்வி: கடை ஷட்டர்களில் வரையலாமா?
– வியாபாரி, கும்பகோணம்

பதில்: வரையலாம். தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, துருவை உப்புத்தாளால் எடுத்து, இரும்புக்கான பிரைமர் ஒரு கை. நாகமுலாம் பூசிய தகடு என்றால் அதற்கென்றே உள்ள எட்ச் பிரைமர். மேலே எனாமல். சுவர் எமல்ஷன் அதில் நிற்காது. ஷட்டர் சுருளும்போது உரசும் இரு ஓரத்தையும் மூன்று அங்குலம் படமில்லாமல் விடுங்கள்.

கேள்வி: வரைந்து முடித்துவிட்டோம். மேலே வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார்கள். போஸ்டர் ஒட்டினால் என்ன செய்வது?
– மகளிர் சுய உதவிக் குழு, தென்காசி

பதில்: இரண்டு வாரம் காயவிட்டு, தண்ணீரில் கரையும் வெளிப்புற அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கை மெல்லியதாக அடிக்கலாம். சுவர் நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும். ஈரமுள்ள சுவரில் அடித்தால் உள்ளே பால் போல வெளுக்கும். மரச்சாமான்களுக்கு அடிக்கும் வார்னிஷ் மஞ்சளித்துப் போகும்.

போஸ்டரை உலரக் கிழித்தால் பெயின்டோடு வரும். தண்ணீர் தெளித்துக் கால் மணி ஊறவிட்டு, ஈரத்தாளைக் கீழிருந்து மேலாகப் பிளாஸ்டிக் சுரண்டியால் தூக்குங்கள். பசை மிச்சத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவுங்கள். ஒட்டிய அன்றே எடுப்பது முக்கியம், ஒரு போஸ்டர் நின்றால் வாரத்துக்குள் பத்து வரும். வெற்றிலைக் கறை சுவரில் ஊறிவிட்டால் தேய்த்துப் போகாது; அதன்மேல் கறை கசியாத பிரைமர் ஒரு கை, பிறகு அதே கலர். அதற்காகத்தான் ஒவ்வொரு கலரிலும் கால் லிட்டரை இறுக மூடும் டப்பாவில், விளிம்பு வரை நிரப்பி, கலர் எண்ணும் தேதியும் எழுதி, நிழலில் வைத்திருக்க வேண்டும். கடை இயந்திரம் தந்த கலவைச் சீட்டையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். சுவரில் ஒட்டிய சீட்டு மழையில் போய்விடும்.

ஐப்பசிக்கு முன் ஒரு நாள், தை பிறந்ததும் ஒரு நாள் என்று வருடத்துக்கு இரண்டு தடவை சுவரைச் சுற்றி நடந்து, மதில் தலையில் விரிசல், வேரோடிய அரசங்கன்று, அடைபட்ட நீர்க்கசிவுத் துளை (சுவருக்குப் பின்னால் சேரும் நீர் வெளியேற விட்ட துளை) மூன்றையும் பாருங்கள். அரசங்கன்றை இலையோடு கிள்ளினால் போதாது. வேர் வரை எடுத்து, அந்த இடத்தைச் சாந்தால் அடைக்க வேண்டும்.